கடையத்திலிருந்து சேப்பாக்கத்துக்கு எத்தனை ஸ்டேஷன்?

கடையத்துக்கு ஜூன், ஜூலையில் வர வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இங்கேயும் சாரல் எட்டிப் பார்க்கும். மேற்கே மலை பாதி மேகத்துக்குள் மறைந்து கிடக்கும். கீழே ஐந்து நிமிடம் வெயில், ஐந்து நிமிடம் தூறல். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் அரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஐந்தருவியில் தலையை நனைத்து, செங்கோட்டைப் பக்கம் புரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

வந்தால் பார்க்க நிறையவே இருக்கிறது. மலையடிவாரத்தில் வில்வவனநாதர், நித்யகல்யாணி அம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி ராமநதி அணை. அதற்கும் அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காடு. ராத்திரியில் காட்டுப்பன்றி வயலில் இறங்கும் என்பதால் விவசாயிகள் டார்ச் லைட்டும் கையுமாகத்தான் இருப்பார்கள்.

கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி, கடலூர் சிறையில் இருந்து விடுதலையான பாரதி, குடும்பத்தோடு வந்து சேர்ந்தது இங்கேதான். ஏறக்குறைய இரண்டு வருடங்கள் இருந்தார். 'பாரதி' என்ற பட்டம் அவருக்கு எட்டயபுரத்தில் கிடைத்தபோது வயது 11. முதல் கவிதைப் புத்தகமான 'சுதேச கீதங்கள்' வந்தது 1908-ல். நடுவில் பதினைந்து வருடங்கள்! காசியில் படிப்பு, மதுரையில் கொஞ்ச நாள் தமிழாசிரியர் வேலை, சென்னையில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர் வேலை என்று ஓடியிருக்கிறது. பட்டம் கொடுத்த கையோடு அந்தப் பதினோரு வயசுப் பையனை யாராவது ஊர் ஊராக மேடை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. இந்தத் தடவை அந்த யோசனை கொஞ்சம் அதிகமாகவே வந்தது. காரணம் கிரிக்கெட்.

டி.என்.பி.எல். நடப்பதும் இதே சாரல் மாதங்களில்தான். 2016-ல் போட்டி தொடங்கியபோதே சென்னை, நத்தம் மைதானங்களோடு திருநெல்வேலி சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானத்துக்கும் மேட்ச் கிடைத்தது. 2021-ல் நெல்லை ராயல் கிங்ஸ் என்று நம் பக்கத்துக்கே ஒரு அணி வந்தது. 2023-ல் இறுதிப்போட்டியே சங்கர் நகரில். சொந்த மண்ணில் நெல்லை அணி கோவையிடம் 104 ரன்னில் தோற்றதை இன்றைக்கும் கடையத்து டீக்கடையில் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள். தோல்வி ஒரு பக்கம் இருக்கட்டும். டிவியில் பார்த்த ஆட்டம் பஸ்ஸில் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்துக்கு வந்துவிட்டது. அது இந்த ஊர்ப் பையன்களின் தலைக்குள் ஏதோ செய்திருக்கிறது.

சாயங்காலம் தரிசு நிலத்தில் மூன்று கம்பை நட்டு ஆடுகிற பையன்கள் இப்போது "ரிலீஸ் பாயின்ட்" பற்றிப் பேசுகிறார்கள். அப்பாக்கள் பேசுவது வேறு. 2025 ஏப்ரல் 28-ம் தேதி வைபவ் சூர்யவன்ஷி என்ற 14 வயதுப் பையன் ஐ.பி.எல்-லில் 35 பந்தில் சதம் அடித்தான் இல்லையா? அன்றைக்கு ஊரிலுள்ள அப்பாக்களின் கணக்கே மாறிப்போனது. டீக்கடையில் ஒருவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. "அவன் பதினாலுலயே அடிச்சுட்டான் அண்ணாச்சி. எம் பயலுக்குப் பதினஞ்சு முடியப் போவுது!"

ஏதோ தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கக் கடைசித் தேதி தாண்டிவிட்டது போல இருந்தது அவர் குரல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழக்கடையம் ஸ்டேஷனில் திருநெல்வேலி பாசஞ்சருக்கு நின்றபோது அவரையும் பையனையும் பார்த்தேன். பையன் தோளில் அவனை விடப் பெரிய கிட் பேக். லெக் ஸ்பின் போடுகிறவன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி மைதானத்தில் லீக் மேட்ச். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். சென்னையில் ஒரு அகாடமியிலிருந்து போன் வந்திருக்கிறதாம். பதினொன்றாம் வகுப்பை அங்கேயே சேர்த்துவிடலாம், தங்கும் இடம் தருகிறோம், இப்போதே அனுப்புங்கள், இரண்டு வருடம் போனால் லேட் என்று சொன்னார்களாம். வீட்டுக்காரம்மா நகையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதுதீங்க. சொல்லுங்க அண்ணாச்சி, அனுப்பவா வேண்டாமா?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் ரயில் திருநெல்வேலி போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் இருந்தது. பேசினோம்.

முதலில் ஏணி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். டென்னிஸ் பந்து, அப்புறம் லெதர் பந்து. மேட்டில் ஆட்டம், அப்புறம் புல்தரை விக்கெட். மாவட்ட லீக், வயதுவாரியாக மாவட்ட அணி, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி. அதில் கண்ணில் பட்டால் சென்னை லீக். அந்த லீக்கிலேயே பல டிவிஷன்கள். முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ், விஜய் சி.சி. என்று கம்பெனிகள் நடத்துகிற பெரிய அணிகள். அங்கிருந்து டி.என்.பி.எல்., ரஞ்சி, ஐ.பி.எல். மேட்டில் பந்து நன்றாகத் திரும்பும், எகிறும். அங்கே ஐந்து விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர் புல்தரை விக்கெட்டுக்குப் போனதும், அதே பந்து சாதுவாகப் போய் பேட்டில் உட்காரும். அதைப் பழக ஒரு வருடமாவது ஆகும். இதை எந்தச் செலக்‌ஷனிலும் தாண்டிக் குதிக்க முடியாது.

ஆழ்வார்க்குறிச்சி தாண்டும்போது லட்சுமணன் சிவராமகிருஷ்ணனைப் பற்றிப் பேச்சு வந்தது. பையனுக்கு அவரை டிவி வர்ணனையாளராகத்தான் தெரியும். லெக் ஸ்பின் போடுகிற தமிழ்நாட்டுப் பையன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. 16 வயதில் ரஞ்சி. சேப்பாக்கத்தில் டெல்லிக்கு எதிராக 28 ரன் கொடுத்து 7 விக்கெட். 1983 ஏப்ரலில், 17 வயதில், வெஸ்ட் இண்டீஸ் மண்ணில் டெஸ்ட் அறிமுகம். அன்றைக்கு இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்களில் அவரை விட இளையவர் கிடையாது. எதிரே ஆடிய அணி எப்பேர்ப்பட்ட அணி என்று அந்தக் காலத்து ரேடியோ ரசிகர்களைக் கேளுங்கள். அந்த மேட்சில் ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஒன்றரை வருடம் கழித்து பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இன்னிங்ஸுக்கு ஆறு ஆறாக 12 விக்கெட். அடுத்த மாதம் டெல்லியில் மறுபடி ஆறு. 1985-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் எல்லா நாட்டுக்காரர்களும் அவர் கூக்ளியைப் பற்றியே பேசினார்கள்.

1986 ஜனவரி, சிட்னி டெஸ்ட். அவருக்கு 20 வயது முடிந்து மூன்றாவது நாள் தொடங்கிய மேட்ச். அதுதான் கடைசி டெஸ்ட். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட்.

"என்ன ஆச்சு?" என்றான் பையன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திறமை குறைவு என்று யாரும் சொன்னதில்லை. பெரிய ஆட்களின் அணியில் ஒரு பள்ளிக்கூடப் பையன். தன் நிறத்தை வைத்துக் கேலி செய்தார்கள் என்று பின்னாளில் பேட்டிகளில் அவரே மனம் திறந்து பேசியிருக்கிறார். பந்து லைனில் விழாமல் போக ஆரம்பித்தபோது, அந்தக் காலத்தில் கூடவே பயணம் செய்யும் பந்துவீச்சுப் பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது. ஒரு வருடம் மாநில அளவில் நிம்மதியாக ஆடிவிட்டு வா என்று அனுப்பிவைத்து, திரும்பி வரும் வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கிற ஏற்பாடும் கிடையாது. உயரத்தில் ஏற்றினார்கள், இறங்கி வருகிற படியைக் கட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சீக்கிரம் ஏற்றியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். சச்சின் 16 வயதில் டெஸ்ட் ஆடினார், 24 வருடம் நின்றார். ஒருவரை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2020-ல் கொண்டுவந்த விதி, சர்வதேச ஆட்டத்துக்குக் குறைந்தபட்ச வயது 15 என்பதோடு நின்றுகொண்டது. அதற்கு மேல் அவரவர் பாடு.

இந்த "எப்போது ஏற்றுவது" என்ற கேள்வியை அமெரிக்காவின் பேஸ்பால்காரர்கள் நம்மை விட நெடுங்காலமாகப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே படிப்படியாகச் சிறிய லீக் அணிகள் உண்டு. ஜோ நக்ஸால் என்று ஒரு பையன். 1944-ல், போருக்கு ஆட்கள் போய்விட்டதால், சின்சினாட்டி அணி அவனை 15 வயதில் பெரிய லீக்கில் பந்து வீச வைத்தது. எதிரணிக்கு ஐந்து ரன். ஒரு இன்னிங்ஸைக்கூட அவனால் முடிக்க முடியவில்லை. கீழே அனுப்பினார்கள். இங்கே என்றால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் எட்டு வருடம் கழித்து 1952-ல் அதே அணிக்குத் திரும்பி வந்து 1966 வரை ஆடினார், 135 ஆட்டங்களில் வென்ற பந்துவீச்சாளர் ஆனார். நியூயார்க்கின் மிக்கி மான்டிலையும் 1951-ல், 19 வயதில், நடு சீசனில் கீழே இறக்கினார்கள். அழுதுகொண்டு போனவர் அதே வருடம் திரும்பி வந்தார். பேஸ்பாலில் அவர் பெயர் நம் ஊரில் கவாஸ்கர் பெயர் மாதிரி. கீழே போவது அங்கே அவமானம் இல்லை. அதுவும் வேலையில் ஒரு பகுதி.

நம் ஊரில் ரஞ்சிக்குத் திரும்பினால் "தூக்கிட்டாங்க" என்கிறோம். அந்த வார்த்தையே பாதிப் பையன்களைச் சாய்த்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் கூட்டம் ஏறியது. கல்லிடைக்குறிச்சி தாண்டி இரண்டு பக்கமும் கார் சாகுபடி, நடவு நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அதுவரை எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார். நாற்று பறிக்கிறவர்களைக் காட்டி, "குறுகிய காலப் பயிருன்னா இருபத்தஞ்சு நாளுக்குள்ள பிடுங்கி நடணும். வயசு ஏறிட்டா தூர் கட்டாது. இப்ப சில பேரு பதினாலு நாள் நாத்தையே நடுதாங்க, நல்லாத்தான் வருது. ஆனா வயலைச் சமமா அடிச்சு, தண்ணியப் பக்குவமாக் கட்டணும். சும்மா குழப்பி விட்ட வயல்ல இளநாத்தை நட்டா அழுவிப் போவும்" என்றார். கிரிக்கெட்டுக்காகச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று கேட்பதற்குள் வீரவநல்லூரில் இறங்கிவிட்டார்.

அடுத்து காருக்குறிச்சி. சின்ன ஸ்டேஷன், பெரிய பெயர். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டிலாவது கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? அவர் தனியாகக் கச்சேரி செய்து புகழடைவதற்கு முன்னால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராக இருந்து, குருவோடு சேர்ந்து வாசித்தவர். இரண்டாம் நாயனக்காரர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர் இல்லை. அதே மேடை, அதே கூட்டம், அதே ராத்திரி. வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். தப்பு வந்தால் பக்கத்தில் குரு இருக்கிறார். நாகஸ்வரக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை வளர்த்த இந்த முறை, நாம் அகாடமி அகாடமியாகத் தேடுவதை விடப் புத்திசாலித்தனமானது என்று நினைக்கிறேன். கற்றுக்கொள்கிற காலத்திலும் அவனுக்கு மேடை இருந்தது. பெஞ்ச் இல்லை.

பெஞ்சைப் பற்றித்தான் நான் அந்த அப்பாவிடம் அதிகம் பேசினேன். அகாடமியில் நெட்ஸ் இருக்கும், மெஷின் இருக்கும், வீடியோ இருக்கும். ஆனால் சனி ஞாயிறு மேட்ச்சில் கேப்டன் பந்தை யார் கையில் கொடுப்பார்? 15 வயதில் ஊரை விட்டுப் போய், ஒரு வருடத்தில் ஆறு மேட்ச் ஆடுகிற பையனை விட, பாளையங்கோட்டையில் முப்பது மேட்ச் ஆடுகிற பையன் ஸ்பின்னராக வளர அதிக வாய்ப்பு உண்டு. லெக் ஸ்பின் அடி வாங்கி வாங்கித்தான் வரும்.

"அப்ப நடராஜன்?" என்று மடக்கினான் பையன். சின்னப்பம்பட்டி நடராஜன் அவன் சாமி.

சரியான ஆளைத்தான் பிடித்தான். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் டெஸ்ட். இந்தியாவுக்கு அன்று அறிமுகமான இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் வாஷிங்டன் சுந்தர். சென்னைப் பையன். 17 வயதில் ரஞ்சி, 18 வயதில் இந்தியாவுக்கு ஒருநாள் ஆட்டம், டெஸ்டுக்கு வரும்போது 21. இன்னொருவர் நடராஜன், 29 வயது. இருபது வயதுவரை டென்னிஸ் பந்து. பிறகு சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் இருந்து ஏற்றம். 2015-ல் ரஞ்சி ஆடியதும் பந்து எறிகிறார் என்று புகார் வந்து, ஆக்‌ஷனையே மாற்றி, டி.என்.பி.எல்-லில் யார்க்கர்களால் பேர் வாங்கி, ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போனவர். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். வாஷிங்டன் ஷர்துல் தாக்கூருடன் ஏழாவது விக்கெட்டுக்கு 123 ரன் சேர்த்து, தானும் 62 எடுத்தார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் இந்தியா ஜெயித்தது.

வேகமாக ஏறியவரும் மெதுவாக ஏறியவரும் ஒரே நாளில் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். நடராஜனுக்கு அதற்குப் பிறகு காயங்கள் தொல்லை. டெஸ்ட் அந்த ஒன்றுதான். தாமதமாகப் போனால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது பாருங்கள். அதே நேரம் வேகப்பந்து வீசுகிறவனுக்கு அவசரம் இன்னும் ஆபத்து. இருபதைத் தாண்டியும் கீழ் முதுகெலும்பு இறுகிக்கொண்டேதான் இருக்கும். அதற்குள் ஓவர்களைக் குவித்தால் மயிரிழை விரிசல் விழும். பும்ராவுக்கே 2019-ல் விழுந்தது. பதினைந்து வயதுப் பையனை ஒரு நாளில் மூன்று டோர்னமென்ட் போட வைக்கிற அண்ணன்மார்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். பாசம்தான், ஆனாலும் அந்தப் பையன் முதுகு அவர்களுடையது இல்லையே.

வருண் சக்கரவர்த்தி பதினேழு வயதில் கிரிக்கெட்டை விட்டு, கட்டடக் கலை படித்து, இருபத்தைந்தில் திரும்பி வந்தவர். இதைக் கேட்டதும் அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப படிப்பு முடிச்சுட்டும் ஆடலாமா?" ஆடலாம். மத்தளம்பாறை சோஹோ ஆபீஸைத் தாண்டித்தான் அவர் தினமும் வேலைக்குப் போகிறார். வேலைதான் சென்னையிலிருந்து கிராமத்துக்கு வந்தது, பையன்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார்கள். கிரிக்கெட்டில் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் சங்கர் நகர் வரைக்கும் வந்துவிட்டதே!

பாளையங்கோட்டையில் மேட்ச் மேட்டில்தான் நடந்தது. பையனுக்கு ஒன்பதாவது ஓவரில் பந்து கிடைத்தது. முதல் ஓவரில் பன்னிரண்டு ரன். இரண்டாவது ஓவரில் இரண்டு சிக்ஸர். எதிரே நின்ற பேட்ஸ்மேன் தாடி வைத்த ஆள், ஏதோ ஒரு பேங்கில் வேலை பார்க்கிறவராம். அப்பா வேப்ப மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டார். கேப்டன் பந்தை வாங்கிக்கொண்டார். பத்து ஓவர் கழித்து, அதே தாடிக்காரர் ஐம்பதைத் தாண்டி நிற்கும்போது, மறுபடி பையனைக் கூப்பிட்டார். நாலாவது பந்து கொஞ்சம் மேலே தூக்கி, காற்றில் நின்று இறங்கியது. தாடிக்காரர் இறங்கி வந்தார், பந்து திரும்பியது, கீப்பர் பெயிலைத் தட்டினார். பெரிய கொண்டாட்டம் எல்லாம் இல்லை. பையன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நடந்தான்.

மேட்ச் முடிந்ததும் கோச்சிடம் அப்பா சென்னைக் கதையைச் சொன்னார். கோச் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே கேட்டார்.

"தாராளமா அனுப்புங்க. நான் எதுக்குத் தடுக்கப் போறேன்? இன்னிக்கு ரெண்டு ஓவர்ல முப்பது கிட்டப் போச்சு. அடுத்த வாரமும் இவனை நான் போடுவேன். அங்க போடுவாங்களான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க."

ஜங்ஷனில் ரயிலுக்கு நேரம் இருந்தது. பையன் பிளாட்பாரத்தில் வடை வாங்கப் போனான். அப்பா போனை எடுத்து, கொஞ்ச நேரம் நம்பரையே பார்த்துவிட்டு, டயல் செய்தார். எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"சார், கடையத்துல இருந்து பேசுதேன். ஆமா சார், லெக் ஸ்பின் பையனோட அப்பா. ஃபீஸ் எல்லாம் நீங்க சொன்னது புரிஞ்சுது சார். இன்னொண்ணு கேக்கணும். ஒரு சீசன்ல எத்தனை மேட்ச் ஆட விடுவீங்க? இல்ல சார், பிராக்டீஸ் இல்ல. மேட்ச்."